பேயெள்ளும் பொன்சிட்டும்: பறவைக்குத் தீனி வைப்பது குளிர்நாட்டில் ஏன் சரி, சிங்கப்பூரில் ஏன் தவறு?

லண்டனில் இருக்கும் அண்ணன் மகளோ டொராண்டோவில் இருக்கும் சித்தப்பாவோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி அனுப்புகிறார்கள். வீட்டுக் கொல்லையில் நீளமான ஒரு குழாய் தொங்குகிறது. அதைச் சுற்றி ஏழெட்டு மஞ்சள் தீட்டிய குருவிகள், சில தலைகீழாகத் தொங்கியபடி, விதை கொத்துகின்றன. பார்த்தவுடன் நமக்கும் ஆசை வருகிறது. இணையக் கடைகளில் அதே குழாய் இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஆனால் அதை வாங்கி நம் அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுத் தானியம் நிரப்பினால், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இது பலரைக் குழப்புகிறது. பசித்த உயிருக்கு உணவு வைப்பது ஓர் ஊரில் நல்ல காரியம், இன்னோர் ஊரில் குற்றமா? இதைப் புரிந்துகொள்ள, அந்தக் குருவியிலிருந்தே தொடங்குவது நல்லது. அது என்ன தின்கிறது, ஏன் குழாய்க்கு வருகிறது, குழாய் அழுக்கானால் என்ன ஆகிறது என்பது தெரிந்துவிட்டால், சிங்கப்பூர்ச் சட்டத்தின் காரணமும் தானாகத் தெளிவாகும்.

கோல்ட்ஃபிஞ்ச் எப்படிப்பட்ட பறவை?

காணொளிகளில் வரும் குருவியின் பெயர் கோல்ட்ஃபிஞ்ச். வசதிக்காக இங்கே பொன்சிட்டு என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பெயரில் முக்கியமாக இரண்டு பறவைகள் உண்டு. அமெரிக்கா, கனடா காணொளிகளில் வருவது அமெரிக்கப் பொன்சிட்டு. கோடையில் ஆண் பறவை எலுமிச்சை மஞ்சளாக, நெற்றியில் கருந்தொப்பி வைத்தது போல இருக்கும். குளிர்காலத்தில் அந்த மஞ்சள் உதிர்ந்து மங்கிய பழுப்பாகிவிடும். நியூ ஜெர்சி, ஐயோவா, வாஷிங்டன் ஆகிய மூன்று மாநிலங்களுக்கு இதுவே மாநிலப் பறவை. பிரிட்டனில் இருந்து வரும் படங்களில் இருப்பது ஐரோப்பியப் பொன்சிட்டு. முகம் சிவப்பு, சிறகில் ஒரு மஞ்சள் பட்டை. இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை: சுமார் 15 கிராம். நம் ஒரு வெள்ளி நாணயம் இரண்டைக் கையில் வைத்தால் அவ்வளவுதான் கனம்.

இந்தப் பறவைகளின் தனித்தன்மை உணவில் இருக்கிறது. பெரும்பாலான சிறு பறவைகள் தாம் தானியம் தின்றாலும் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும் அல்லவா? அமெரிக்கப் பொன்சிட்டோ குஞ்சுக்கும் விதையையே, தன் தீனிப்பையில் ஊறவைத்து ஊட்டுகிறது. அந்த நாட்டில் கௌபேர்ட் என்ற பறவை உண்டு. நம் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது போல அது பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும். பொன்சிட்டின் கூட்டில் பிறக்கும் கௌபேர்ட் குஞ்சு பெரும்பாலும் சில நாள்களிலேயே இறந்துவிடுகிறது. வெறும் விதையில் அதனால் வளர முடிவதில்லை.

விதையை நம்பி வாழ்வதால், இதன் நாள்காட்டியே விதையைச் சுற்றி அமைந்திருக்கிறது. மற்றப் பறவைகள் வசந்தத்தில் கூடு கட்டும்போது இது காத்திருக்கிறது. முட்செடிகள் பூத்துக் காய்த்து, பஞ்சும் விதையுமாக வெடிக்கும் ஜூன், ஜூலையில்தான் கூடு கட்டத் தொடங்குகிறது. பஞ்சு கூட்டுக்கு மெத்தை, விதை குஞ்சுக்கு உணவு.

பேயெள்: நமக்குத் தெரிந்த செடிதான்

முட்செடி விதையைப் பறித்துக் கடையில் விற்பது கடினம். அதற்கு மாற்றாக வந்ததுதான் அந்தக் குழாய்களில் நிரப்பப்படும் மெல்லிய கறுப்பு விதை. கடைகளில் அதற்கு நைஜர் என்று பெயர். சிலர் அதை முட்செடி விதை என்றே சொல்லி விற்கிறார்கள், அது தவறு. அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் எண்ணெய் வித்து. தமிழில் அதற்குப் பேயெள் என்று பெயர். உச்செள் என்றும் சொல்வார்கள். எத்தியோப்பியாவிலும் இந்தியாவிலும்தான் மிகுதியாகப் பயிராகிறது. நம் மூதாதையர் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்த வித்து, இன்று கப்பலேறி ஐயோவாவில் ஒரு குருவியின் வயிற்றுக்குப் போகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

அமெரிக்காவுக்குள் வரும் பேயெள்ளைச் சூடேற்றிய பிறகே அனுமதிக்கிறார்கள். பயிர்களைச் சுற்றிக்கொண்டு உறிஞ்சும் கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடியின் விதை அதில் கலந்து வந்துவிடக்கூடும் என்பதே காரணம். சூடேற்றுவதால் பேயெள்ளும் முளைக்காமல் போகிறது. எண்ணெய்ச் சத்து இருக்கிறது. அந்த எண்ணெய்தான் விஷயமே. விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கலாம்.

குளிர்கால இரவின் கணக்கு

இந்த எண்ணெய் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு ஊர்களின் பகல்பொழுதை ஒப்பிட்டால் போதும்.

டிசம்பர் இறுதியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. இரவு 16 மணி நேரம். 15 கிராம் எடையுள்ள ஓர் உடம்பு, உறையும் குளிரில், ஒன்றும் தின்னாமல் 16 மணி நேரம் சூட்டைக் காக்க வேண்டும். பகலில் சேர்த்த கொழுப்பை இரவில் எரித்துத்தான் விடியலைப் பார்க்கிறது. பனி மூடி விதைகள் மறைந்துபோன நாளில் கொழுப்பு சேரவில்லையென்றால், மறுநாள் அந்தக் குருவி இல்லை. அத்தகைய நாளில் ஒரு குழாய்ப் பேயெள் உண்மையான உதவி.

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். இரவிலும் குறைந்த வெப்பநிலை சராசரியாக 24, 25 டிகிரிதான். புல் எப்போதும் கதிர் விடுகிறது, ஏதாவது ஒரு மரம் எப்போதும் காய்க்கிறது. பட்டினியால் பறவைகள் மடியும் ஒரு பருவமே இங்கே இல்லை. தீனி வைப்பதற்கான முதல் நியாயம் இந்த ஊரில் அடிபட்டுப் போவது இங்கேதான்.

ஒரே துளை, பல அலகு

அங்கேயும் தீனிக்குழாய் முழு நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. காட்டில் பொன்சிட்டுகள் ஒரு வயல் முழுக்கப் பரந்து, செடிக்கு ஒன்றாக அமர்ந்து தின்கின்றன. குழாயில் அதே இருபது பறவைகளும் ஆறு துளைகளுக்குப் போட்டியிடுகின்றன. ஒன்றன் எச்சில் இன்னொன்றின் வாயில். ஒன்றன் எச்சம் இன்னொன்றின் தீனியில். கூட்டம் சேரும் இடத்தில் நோய் பரவுவது மனிதருக்குப் புதிய பாடம் இல்லை.

இதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள்:

1. டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. இது முதலில் புறாக்களின் நோய். பறவையின் தொண்டையில் புண் உண்டாக்கி விழுங்க முடியாமல் செய்யும். நோயுற்ற பறவை விதையை வாயில் எடுத்து, முடியாமல், ஈரத்தோடு திரும்ப உமிழும். அடுத்த பறவை அதைக் கொத்தும். பிரிட்டனில் 2005, 2006 வாக்கில் இது புறாவிலிருந்து ஃபிஞ்ச் இனங்களுக்குத் தாவியது. பொன்சிட்டின் உறவான பச்சை ஃபிஞ்ச், ஊரெங்கும் இருந்த பறவை, அதன் பிறகு சரிந்து 2021இல் அந்நாட்டில் அருகிவரும் பறவைகளுக்கான சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது.

2. சால்மொனெல்லா பாக்டீரியா. 2020–21 குளிர்காலத்தில் அமெரிக்காவில் பைன் சிஸ்கின் என்ற குருவிகள் தீனிக்குழாய்களின் கீழே செத்து விழுந்தன. அதே கிருமி மனிதருக்கும் வந்தது: 12 மாநிலங்களில் 29 பேர் நோயுற்றதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது.

3. கண்ணோய். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி 1994 முதல் அமெரிக்காவில் ஹவுஸ் ஃபிஞ்ச் பறவைகளின் கண்களை வீங்கவைத்து மூடிவிடுகிறது. பொன்சிட்டுக்கும் தொற்றும். பார்வை போன பறவை பருந்துக்கும் பூனைக்கும் எளிதில் அகப்படும்.

டிரைக்கோமோனாஸுக்கு ஒரு பலவீனம் உண்டு: ஈரம் காய்ந்தால் அது தாக்குப்பிடிக்காது. கீழே வரும் பராமரிப்பு முறைகள் பலவும் இந்த ஒரு விஷயத்தை ஒட்டியவை.

குளிர்நாட்டில் இருப்பவர் குழாயை எப்படிப் பேண வேண்டும்?

சிங்கப்பூரிலிருந்து படிக்கவோ வேலைக்கோ போய் அங்கே வீடு எடுத்துத் தங்கியிருப்பவர்கள் பலர். அவர்களுக்கு இந்தப் பகுதி நேரடியாகப் பயன்படும். அங்கும் சில நகராட்சிகளும் குடியிருப்புச் சங்கங்களும் தனி விதி வைத்திருக்கும், முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

1. குழாய் சரியானதா என்று பாருங்கள். பேயெள் மிகச் சன்னமானது. சாதாரணத் தானியக் குழாயில் போட்டால் கொட்டிவிடும். கீறல் போன்ற சிறு துளைகள் உள்ள குழாயோ, மெல்லிய வலைப்பையோ வேண்டும். வலைப்பை மலிவு, ஆனால் கழுவிக் காயவைப்பது கடினம், நனைந்தால் உள்ளே விதை கட்டிப்போகும். குழாயே மேல். பொன்சிட்டு தலைகீழாகத் தொங்கித் தின்னும் என்பதால், உட்காரும் குச்சிக்குக் கீழே துளை வைத்த குழாய்களும் உண்டு. சிட்டுக்குருவிக் கூட்டத்தை அவை ஓரளவு தள்ளிவைக்கும்.

2. கொஞ்சமாக நிரப்புங்கள். ஓரிரு நாளில் தீரும் அளவே போதும். எண்ணெய் வித்து என்பதால் பேயெள் சீக்கிரம் சிக்குவாடை அடித்துக் கெட்டுவிடும். பழசானதைப் பொன்சிட்டு தொடாது. "ஒரு மாதமாகக் குழாய் தொங்குகிறது, ஒரு குருவியும் வரவில்லை" என்பவர்கள் முதலில் விதையை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு விதையை நகத்தால் நசுக்குங்கள். எண்ணெய் பிசுபிசுப்பு இல்லையென்றால் அது வெறும் உமிதான்.

3. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவுங்கள். ஈரமான காலத்தில் வாரம் ஒருமுறை. குழாயை முழுதாகப் பிரித்து, சோப்புநீரில் தேய்த்து, ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். அப்புறம் முழுக்கக் காயவிடுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அரைகுறை ஈரத்தில் விதையை நிரப்பினால் பூஞ்சைக்கும் ஒட்டுண்ணிக்கும் நாமே இடம் கொடுத்த மாதிரி. இரண்டு குழாய் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தொங்கவிடுவது எளிய வழி. சமையலறைத் தொட்டியில் மட்டும் கழுவ வேண்டாம்.

4. தரையைக் கவனியுங்கள். குழாய்க்குக் கீழே உமியும் எச்சமும் சேரும். கூட்டி அள்ளிக் குப்பையில் போடுங்கள். அவ்வப்போது இடத்தை மாற்றுங்கள். தட்டையான தீனித் தட்டுகளில் எச்சமும் உணவும் ஒன்றாகக் கிடப்பதால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

5. கண்ணாடிச் சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் வையுங்கள். மிக அருகில் இருந்தால் பறவை வேகம் எடுப்பதற்குள் கண்ணாடி வந்துவிடும். அடி பலமாக இருக்காது. இடைப்பட்ட தூரம்தான் ஆபத்து.

6. உடலை உப்பிக்கொண்டு, ஆள் நெருங்கியும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால், கண் வீங்கியிருந்தால், அலகோரம் ஈரமாக ஒட்டியிருந்தால், குழாயை உடனே இறக்கிவிடுங்கள். குறைந்தது இரண்டு வாரம் தொங்கவிடாதீர்கள். "பாவம், நோயில் பட்டினி கிடக்குமே" என்று தோன்றும். ஆனால் கூட்டம் கலைந்து பறவைகள் தனித்தனியே மேயப் போவதுதான் மற்றவற்றைக் காக்கும்.

இவ்வளவு வேலை செய்ய நேரம் இல்லாதவர் குழாயே வாங்காமல் இருப்பது பறவைக்கு நல்லது என்பது என் உறுதியான எண்ணம். அழுக்குக் குழாயைவிட வெறும் மரக்கிளை எவ்வளவோ மேல்.

சிங்கப்பூர்ச் சட்டம் சொல்வது என்ன?

1965இன் வனவிலங்கு, பறவைகள் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை, அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த லூயிஸ் இங் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். 2020 மார்ச் 25 அன்று அது நிறைவேறியது. ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. சட்டத்தின் பெயரும் வனவிலங்குச் சட்டம் என்று மாறியது. அதற்கு முன் இயற்கை வனப்பகுதி, பூங்கா போன்ற இடங்களில் விலங்குகளுக்கு உணவு கொடுப்பதும், புறாவுக்குத் தீனி போடுவதும் மட்டுமே குற்றமாக இருந்தன. புறாவுக்கான பழைய விதியில் அபராதம் 500 வெள்ளி வரைதான். இப்போது தடை தீவு முழுவதற்கும் பொருந்தும்.

குழப்பம் வரும் இடங்கள் சில:

1. "வனவிலங்கு" என்ற சொல் காட்டில் வாழ்வதை மட்டும் குறிக்கவில்லை. புளோக்கின் கீழே திரியும் புறா, காக்கை, மைனா, சிட்டுக்குருவி எல்லாம் அதில் அடங்கும்.

2. கையால் ஊட்டினால்தான் குற்றம் என்றில்லை. விலங்கு வந்து தின்னட்டும் என்ற எண்ணத்தில் உணவை விட்டுச்செல்வதும் தீனி போடுவதுதான். தொங்கும் தீனிக்குழாய்க்கு வேறு நோக்கம் இருக்க முடியாது.

3. முதல் தடவை 5,000 வெள்ளி வரை, மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம்.

4. சன்னலுக்கு வெளியே தொங்கும் பொருள் கீழே விழுந்தால் அது வேறு குற்றம். பத்தாவது மாடியிலிருந்து விழும் குழாய் ஒருவரின் உயிரையே எடுத்துவிடும்.

செடி வளர்ப்பது இந்தத் தடைக்குள் வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இறுதிப் பகுதி இதைப் பற்றியதுதான்.

இங்கே தீனி வைத்தால் யார் வருவார்கள்?

பொன்சிட்டு சிங்கப்பூரில் இல்லை. விதை தின்னும் நம் பறவைகள் சில்லை (முனியா) என்ற சிறு குருவிகளும் தூக்கணாங்குருவியும். அவை லாலாங் புல்வெளிகளிலும் கதிர் விட்ட காட்டுப் புல்லிலும் மேய்பவை. நீங்கள் எந்தப் பறவையை நினைத்துக் குழாய் வைத்தாலும், அடுக்குமாடிச் சுவரோரம் முதலில் வந்து நிற்பது புறாவும் ஜாவா மைனாவும் காக்கையும்தான்.

புறாவின் விஷயத்தில் ஓர் உயிரியல் நுட்பம் இருக்கிறது. அது குஞ்சுக்குப் பூச்சி தேடுவதில்லை. தொண்டைப் பையில் சுரக்கும் ஒரு வகைப் பாலை ஊட்டுகிறது. தாய் தந்தை இரண்டுமே சுரக்கும். சோறோ ரொட்டியோ கிடைத்தால் போதும், அதைப் பாலாக்கிக் குஞ்சாக்கிவிடும். இங்கே குளிர்காலமும் இல்லை என்பதால் ஆண்டு முழுவதும் இரண்டிரண்டு முட்டையாக இட்டுக்கொண்டே இருக்கும். கட்டடத் திண்டும் குளிர்சாதனப் பெட்டி வைக்கும் மேடையும் அதற்கு மலைப்பாறை மாதிரி, கூட்டுக்கும் பஞ்சமில்லை. புறாக்களின் எண்ணிக்கைக்கு எல்லையாக மிஞ்சியிருப்பது உணவு ஒன்றுதான். தினமும் யாரோ வீசும் ஒரு பிடி அரிசி அந்த எல்லையைத் தள்ளிவைக்கிறது.

கூட்டம் கூடினால் மேலே சொன்ன நோய்க்கதை இங்கேயும் நடக்கும். டிரைக்கோமோனாஸ் புறாவின் நோய் என்று பார்த்தோம். காய்ந்த புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி குறைந்த மனிதரின் நுரையீரலையும் மூளையையும் தாக்கக்கூடும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர் மேல்மாடியிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கலாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கீழே சிந்திய தானியம் இரவில் எலிக்குப் போகும். இந்த ஊரின் ஈரக்காற்றில் நனைந்த விதை சில நாளிலேயே பூசணம் பிடிக்கும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், வீட்டுத் தோட்டங்களில் ரொட்டியும் தானியமும் வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. தீனி வைத்த தோட்டங்களில் வெளியிலிருந்து வந்து குடியேறிய சிட்டுக்குருவியும் புள்ளிப்புறாவும் பெருகின. பூச்சி தின்னும் அந்த மண்ணின் சிறு பறவை ஒன்று குறைந்தது. சிங்கப்பூருக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். நம்மைச் சுற்றி மிகுதியாக இருக்கும் பறவைகள் பல மனிதரால் கொண்டுவரப்பட்டவை. ஜாவா மைனா கூண்டுப் பறவை வணிகத்தில் 1920களில் வந்தது. இங்கே அதற்குக் கணக்கில்லை. ஆனால் சொந்த மண்ணான ஜாவாவில் பிடித்துப் பிடித்தே அதை அருகவைத்துவிட்டார்கள்.

காக்கைக்குச் சோறு

தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. அமாவாசையும் திதியும் வந்தால் முன்னோருக்குப் படைத்த சோற்றில் ஒரு கவளம் காக்கைக்கு வைப்பது நம் வழக்கம். காக்கை எடுத்தால்தான் வீட்டில் இலை போடுவார்கள். ஆடி அமாவாசையன்று மனம் கேட்காமல் சன்னல் திண்டில் சோறு வைக்கும் பெரியவர்களின் உணர்வு எனக்குப் புரிகிறது. அவர்கள் யாருக்கும் தீங்கு நினைப்பவர்கள் அல்லர்.

ஆனால் இந்த மண்ணில் அந்தக் காக்கையின் கதை வேறு. ஊர்க்காக்கை சிங்கப்பூரின் சொந்தப் பறவை அன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கோப்பித் தோட்டப் புழுக்களை ஒழிக்க, இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து பரவியது. பெருகிய இடங்களில் சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் எடுக்கும். கூடு கட்டும் காலத்தில் ஆளையும் கொத்தும். 2023 பிப்ரவரியில் பீஷானில் நடந்துபோனவர்களைக் காக்கைகள் தாக்கிய காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். தீனி தாராளமாகக் கிடைக்கும் இடத்தில்தான் காக்கைகள் கூடுகின்றன.

சட்டத்தில் சடங்குக்கென்று தனி விலக்கு எதுவும் இல்லை. படையலை வீட்டுக்குள் முன்னோர் படத்தின்முன் வைத்துவிட்டு, அந்தச் சோற்றை வீட்டாரே பகிர்ந்து உண்ணலாம். கோயிலில் அன்னதானத்துக்குக் கொடுக்கலாம். இங்குள்ள பல குடும்பங்கள் ஏற்கெனவே அப்படித்தான் செய்கின்றன. வீட்டுப் பெரியவரிடம் "அபராதம் போடுவார்கள்" என்று சொல்வதைவிட, காக்கை இங்கே பெருகினால் சிறு பறவைகளின் முட்டையும் குஞ்சும் என்ன பாடுபடும் என்று சொன்னால் கேட்பார்கள்.

செடியே தீனிக்குழாய்

பறவை வரவேண்டும் என்ற ஆசைக்கு இங்கே சரியான வழி செடிதான். செடி தரும் உணவு சிறிது சிறிதாக, பல இடங்களில், பல நேரங்களில் கிடைக்கிறது. அதனால் கூட்டம் சேர்வதில்லை. சோறும் ரொட்டியும் தேடும் புறாவுக்கு இதில் ஒன்றுமில்லை.

கறிவேப்பிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரசத்துக்கு நான்கு இலை கிள்ளத்தான் நாம் வளர்க்கிறோம். அதைப் பூக்கவிட்டால் கறுத்த சிறு பழங்கள் கொத்தாக வரும். குயிலும் சின்னானும் (புல்புல்) தேடி வரும். அதன் இலையில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். முதலில் பறவை எச்சம் போலவும் பிறகு பச்சையாகவும் இருக்கும் அந்தப் புழுவைப் பார்த்தவுடன் மருந்தடிக்க ஓடாதீர்கள். பறவைகள் பலவும் தங்கள் குஞ்சுக்குத் தேடுவது இப்படிப்பட்ட புழுக்களைத்தான். சில கிளைகளை அவற்றுக்கு விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

தேன்சிட்டுக்கு வெட்சியும் செம்பருத்தியும் ஹெலிக்கோனியாவும் பிடிக்கும். தரைவீட்டுக்காரர்களும் சமூகத் தோட்டம் பார்ப்பவர்களும் இடம் இருந்தால் தேன்பழ மரம் ஒன்று வைக்கலாம். சிங்கப்பூர்ச் செர்ரி என்று ஊரே சொல்லும் மரம். பகல் முழுக்க சின்னானும் செம்முதுகுப் பூக்கொத்தியும் அதில் இருக்கும். சில்லைகளைப் பார்க்க விரும்புபவர் தோட்டத்தின் ஒரு மூலையில் புல்லைக் கதிர் விடும் வரை வெட்டாமல் விட்டால் போதும். பொன்சிட்டுக்கு முட்செடி எப்படியோ, சில்லைக்குப் புல்கதிர் அப்படி.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் மூன்றைக் கவனிக்க வேண்டும். நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும். தீ விபத்தில் ஆள்கள் வெளியேறும் வழி அது. தொட்டிகளைச் சுவரின் மேல் விளிம்பில் வைக்கக் கூடாது. தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரமே போதும். பறவை குளிக்கட்டும் என்று கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதையும் அதே காரணத்துக்காக நான் பரிந்துரைப்பதில்லை.

நடைவழிச் செடியில் ஒரு நாள் தேன்சிட்டு கூடு கட்டக்கூடும். காய்ந்த இலையும் நாரும் சிலந்தி வலையும் சேர்த்து, கிளை நுனியில் ஒரு சின்னப் பை மாதிரி தொங்கும். பார்ப்பதற்குக் குப்பை ஒட்டியது போலவே இருப்பதால் பலர் பிய்த்து எறிந்துவிடுகிறார்கள். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை தொட்டியை நகர்த்தாமல், கிளையை வெட்டாமல், அருகில் நின்று படமெடுக்கக் கூட்டம் சேர்க்காமல், தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.